அனைத்துப் போட்டிகளும் சேர்த்து

"ஒரு மேட்ச்கூட ஆடாதவன இன்னாத்துக்கு வெச்சிக்கினு கீறீங்கன்னு கேட்டாங்களாம்" என்று அமல்ராஜ் போனில் சொன்னபோது, சபீனா அம்பத்தூர் எஸ்டேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னதோடு விட்டானா? சிரித்தான் வேறு. அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருடா கேட்டது?"

"டீமோட புது ஓனருங்க. எதோ ரிப்போர்ட்டு வந்துச்சாம். என் பேருக்கு நேரா முட்டை போட்டிருந்துச்சாம். மேனேஜர் கஜபதி அண்ணன் சொன்னாரு."

"கேட்டுக்கினு நீ சும்மா வந்துட்டியா?"

"வேற இன்னா பண்றது? மூணு கீப்பர்ல ரெண்டு பேரதான் வெச்சிப்பாங்களாம். அண்ணன் எனக்காக பேசிக்கினு கீறாரு. நீ இதுல தலையிடாத சபீக்கா, சொல்லிட்டேன்."

தலையிடாதே என்று சபீனாவிடம் சொல்வதும், பாலை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பொங்காதே என்று சொல்வதும் ஒன்றுதான். போனைக் கைப்பையில் போட்டாள். பின்னால் வந்து ஹாரன் அடித்த ஷேர் ஆட்டோக்காரனை நடுரோட்டில் நிற்கவைத்து ஒரு பாட்டம் திட்டினாள். அந்த ஆள் பாவம், எதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டோம் என்று தெரியாமலேயே போனான்.

அந்த ரிப்போர்ட் எங்கிருந்து போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய ஆபீஸிலிருந்துதான்.

எஸ்டேட்டுக்குள் ஒரு லேத் பட்டறைக்கு மேலே இரண்டாவது மாடி. கீழே இரும்பு கடைகிற சத்தம். மேலே நாற்பது பேர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கால்பந்து ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இது ஒரு வேலை என்று சொன்னால் சொந்தக்காரர்கள் நம்புவதில்லை. பந்தை யார் தொட்டான், யாருக்குத் தள்ளினான், எந்த நிமிஷம், எந்தக் கால் என்று ஒன்று விடாமல் குறிக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் வெற்றியா, தோல்வியா, சமனா என்று போட்டு மூட வேண்டும். அந்தக் கணக்கை வாங்கி வைத்துக்கொண்டுதான் பெரிய பெரிய அணிகள் யாரை வைத்துக்கொள்வது, யாரைக் கழற்றிவிடுவது என்று தீர்மானம் செய்கின்றன. சபீனா அங்கே பதினோரு வருஷம். அவள் குறித்த ஆட்டத்தில் தப்பு கண்டுபிடித்தவர் கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அமல்ராஜ் ஆவடி குவார்ட்டர்ஸில் அடுத்த பிளாக்குக்காரன். இரண்டு பேருடைய அப்பாக்களும் பேக்டரியில் ஒரே ஷிப்டு. பெண் பிள்ளையை ஆட்டத்தில் சேர்க்கமாட்டோம் என்று பெரிய பையன்கள் விரட்டிய நாட்களில், சபீனா உதைக்க உதைக்க எதிரே நின்று பந்து பொறுக்கிய பொடியன் அவன். அவளைவிட ஐந்து வயது சின்னவன். இப்போது முப்பத்தொன்று. வங்கக்கடல் எஃப்.சி. என்ற அணியில் மூன்று வருஷமாக இரண்டாவது கோல்கீப்பர். மைதானத்துக்குப் பக்கத்தில் வேலப்பன்சாவடியிலேயே வீடு எடுத்து, பெண்டாட்டி அகல்யாவோடு இருக்கிறான். முப்பத்தொரு வயதில் ஓர் அணி வெளியே அனுப்பிய கீப்பரை இன்னோர் அணி கூப்பிடாது. இந்த ஒப்பந்தம் போனால் அவனுடைய ஆட்டம் முடிந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அவன் ஆடவில்லையாம்! இதைச் சொல்ல எப்படி வாய் வந்தது அவர்களுக்கு?

கால்பந்து பார்க்காதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். லீக் என்பது ஏழெட்டு மாதம் இழுக்கிற பந்தயம். எல்லாரோடும் எல்லாரும் ஆடிப் புள்ளி சேர்ப்பார்கள். கோப்பைப் போட்டி அப்படியில்லை, தோற்றால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும். ஊர் உலகத்தில் பல அணிகளில் ஒரு வழக்கம் உண்டு. முதல் கீப்பருக்கு லீக், இரண்டாவது கீப்பருக்குக் கோப்பை. லீக் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கிறவன், கோப்பை என்றால் திடீரென்று போய் நின்று எல்லாவற்றையும் தடுக்க வேண்டும். போன சீசனில் அமல்ராஜ் அப்படி எட்டு ஆட்டம் நின்றான். இரண்டு கோப்பைப் போட்டிகள். அதில் ஒன்றை ஜெயித்தே கொண்டுவந்தார்கள். அணி தொடங்கிய நாளிலிருந்து அலமாரியில் இருப்பது அந்த ஒரே கோப்பைதான். அந்த எட்டு ஆட்டத்தையும் ஆபீஸில் வேறு யாரையும் தொடவிடாமல் சபீனாதான் குறித்தாள்.

பிரசன்னா அவளுடைய டீம் லீடர். திருச்சிக்காரன், வயதில் சின்னவன், யாரிடமும் குரலை உயர்த்தாதவன். சபீனா போய் அவன் மேஜை முன்னால் நின்றாள்.

"வங்கக்கடல் ரிப்போர்ட்ட யார் அனுப்பினது?"

"நான்தாங்க்கா. ஏன்?"

"அமல்ராஜுக்கு முட்டை போட்டு அனுப்பியிருக்கீங்க."

"அது லீக் ரிப்போர்ட், அக்கா. லீக்ல அவர் ஆடல."

"கோப்பையில ஆடினது ஆட்டமில்லையா? அங்க என்ன பல்லாங்குழியா ஆடிட்டிருந்தான்?"

"அக்கா, அவங்க கேட்டது லீக் மட்டும்தான். கேட்டத அனுப்பினோம்."

"கேக்கறவனுக்குத் தெரியாது. அனுப்பற நமக்குமா தெரியாது?" குரல் உயர்ந்ததும் பக்கத்து வரிசையில் இரண்டு பேர் ஹெட்போனைக் கழற்றினார்கள். "ஒரு மனுஷன் எட்டு ஆட்டம் நின்னு கப்பு வாங்கிக் குடுத்திருக்கான். அவனப் போய் ஆடவே இல்லன்னு எழுதி அனுப்பிட்டு இங்க ஏசில உக்காந்திருக்கீங்க. வெக்கமா இல்ல?"

பிரசன்னா முகம் சுருங்கியது. "சரிக்கா. என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

"அனைத்துப் போட்டிகளும் சேர்த்து இன்னொண்ணு அனுப்பணும். லீக் ஒரு பக்கம், எல்லாம் சேர்த்தது ஒரு பக்கம். பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கட்டும். நானே போட்டுத் தர்றேன்."

"கேக்காம அனுப்பினா நல்லாருக்குமான்னு யோசிங்க..."

"நீங்க அனுப்பறீங்களா, நான் மேல போய்ப் பேசட்டுமா?"

அவன் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சரி என்றான். சபீனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போட்டிகள் என்ற பெட்டியில் 'லீக்' என்றிருந்ததை எடுத்துவிட்டு 'அனைத்தும்' என்று மாற்றினாள். திரையில் எண்கள் எல்லாம் ஒருமுறை நடுங்கி மாறின. அமல்ராஜ் பெயருக்கு நேரே முட்டை போய் எட்டு வந்தது. வாங்கிய கோல் மூன்று. ஒரு கோல்கூட வாங்காத ஆட்டங்கள் ஐந்து. இதைப் பார்த்ததும் அவளுக்கு வந்த ஆத்திரம் கலந்த சந்தோஷம் இருக்கிறதே, பல்லைக் கடித்துக்கொண்டுதான் சிரித்தாள். அந்த ஐந்துக்கு மஞ்சள் அடித்தாள். முட்டையா போடுகிறீர்கள் முட்டை, இந்தா பிடி என்று வாய்விட்டே சொன்னாள். மற்ற கட்டங்களை அவள் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? அவன் கோப்பை வாங்கியது அவளுக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை மத்தியானம் ரிப்போர்ட் போயிற்று.

அன்றைக்கு அவள் அமல்ராஜுக்குப் போன் செய்யவில்லை. தானாகத் தெரியட்டும், அவனே கூப்பிட்டு அக்கா நீயா என்று கேட்கட்டும் என்று இருந்தாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அகல்யாதான் கூப்பிட்டாள். "அவர அனுப்பிட்டாங்க" என்றாள். அழுகையில்லை, ஒன்றுமில்லை. சபீனா ஏன், எப்படி என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

சபீனா லீவுகூடச் சொல்லவில்லை. ஸ்கூட்டர் வைத்திருந்த ஜீவா என்ற பெண்ணிடம் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கிளம்பினாள். அணியின் ஆபீஸ் இருக்கிற கரையான்சாவடி போய்ச் சேருகிறவரை, மெட்ரோ தூண்களுக்கு நடுவே நகராத வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, கஜபதியிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். எட்டு ஆட்டம் கண்ணுக்குத் தெரியலையா? எவன் வீட்டுப் பிள்ளைக்காக இவனைத் தூக்கினீங்க? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுத்தான் வருவது என்று இருந்தாள்.

கஜபதி அணியின் மேலாளர். பூந்தமல்லிக்காரர். முன்பு மின்வாரியத்துக்கு ஆடியவர், இப்போது இரண்டு முழங்காலும் போய், படி ஏறும்போது கம்பியைப் பிடித்துத்தான் ஏறுவார். மெயின் ரோட்டில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே அணியின் ஆபீஸ். சபீனா உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக ஆரம்பித்தாள்.

"உங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு கீதா இல்லியாண்ணே?"

கஜபதி நிமிர்ந்து பார்த்தார். "வாம்மா. உன்னதான் தேடிக்கினு இருந்தேன். குந்து."

"நா குந்த வரல."

"அப்ப நின்னுக்கினே கேளு." மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "இது உன் பேப்பருதான?"

அவளுடையதுதான். மஞ்சள் அடித்த கட்டம்கூட அப்படியே இருந்தது.

"மூணு கீப்பருல ஒருத்தன எடுக்கணும்னு அந்த ஆளுங்க ஒத்தக் கால்ல நின்னானுங்க. லீக் பேப்பருல அமலுக்கு முட்டை. நா அந்த முட்டைய வெச்சிக்கினேதான்மா ஓட்டுனேன். சார், அவன் லீக்ல ஆடவே இல்ல, நாம சான்ஸே குடுக்கல, ஒரு வருசம் குடுத்துப் பாருங்க, கப்பு வாங்கின பையன் சார்னு கெஞ்சி, அந்த மூணாவது கீப்பரு பொடிப்பையன வேற டீமுக்கு ஒரு வருசம் அனுப்பிடலாம்னு பேசி, வியாயக்கெயம சாயங்காலம் ஒத்துக்க வெச்சிட்டேன். வெள்ளிக்கெயம உன் பேப்பர் வந்து எறங்குது."

"அதுல எட்டு ஆட்டம் கீதுண்ணே. அஞ்சுல ஒரு கோலுகூட வாங்கல."

"அந்த ஆளுங்க அதப் பாக்கல. இதப் பாத்தாங்க." தடித்த விரலை இன்னொரு கட்டத்தில் வைத்தார். "படி."

சபீனா படித்தாள். அமல்ராஜ், ஆட்டம் எட்டு. வெற்றி இரண்டு. சமன் ஐந்து. தோல்வி ஒன்று. வெற்றி சதவீதம் இருபத்தைந்து.

"லீக்ல இருவத்திரண்டுக்குப் பதிமூணு ஜெயிச்ச டீமு. நூத்துக்கு அம்பத்தொம்போது. எல்லாத்தையும் சேத்தா முப்பதுக்குப் பதினஞ்சுதானாம். நூத்துக்கு அம்பதுக்கு எறங்கிப் போச்சாம். பக்கத்துல பக்கத்துல வெச்சில்ல அனுப்பிகீற, பளிச்சுன்னு தெரியுது. எறக்கிவுட்டது யாருன்னு பாத்தானுங்க. ரெண்டு நிமிசத்துல முடிஞ்சுபோச்சு. சான்ஸ் குடுக்கலன்னு சொன்னியே, எட்டு தபா குடுத்து ரெண்டுதான் ஜெயிச்சிகீறான்னு என்னையே திருப்பிக் கேட்டானுங்க."

"அந்த அஞ்சும் பெனால்டில ஜெயிச்சதுண்ணே!" சபீனா மேஜையைத் தட்டினாள். "கப்பே அதுலதான வந்துச்சு! பைனலே அதுலதான ஜெயிச்சோம்!"

"எனக்கே சொல்றியா? நா பெஞ்சுல கண்ண மூடிக்கினு மாதாவையும் முருகனையும் ஒண்ணா கும்புட்டுக்கினு இருந்தவன். அதத்தான் அந்த ஆளுங்ககிட்ட தொண்ட கிழிய சொன்னேன். பேப்பருல டிரான்னு கீதே கஜபதின்றானுங்க. உன்னத் தாண்டி, என்னத் தாண்டி, பேப்பர நம்பறானுங்க. நா இன்னா பண்ணட்டும்? டிரான்னு போட்டது நானா?"

காகிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. ஆட்டங்களைக் குறித்தவர்: சபீனா.

தொண்ணூறு நிமிஷம் முடிந்து, கூடுதல் நேரமும் முடிந்து, கோல் சமமாக இருந்தால் ஆட்டம் சமன். அதற்கப்புறம் பெனால்டி அடித்து யார் ஜெயித்தாலும் அது அடுத்த சுற்றுக்குப் போவது யார் என்று தெரிந்துகொள்ள மட்டும். கணக்கில் வெற்றி கிடையாது. உலகம் முழுக்க இதுதான் விதி. புதிதாகச் சேருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் சபீனாதான் சொல்லிக்கொடுப்பாள். பிரசன்னாவுக்கே அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். முதல் மாதம் எல்லாருமே இதில் தப்பு செய்வார்கள். வெற்றி என்று போட்டுவிடுவார்கள், இவள் திட்டித் திருத்துவாள்.

வெளியே வந்து படியில் நின்றபடி பிரசன்னாவுக்குப் போன் போட்டாள். அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ போயிற்று.

"பிரசன்னா, அந்த அஞ்சையும் மாத்திடுங்க. வெற்றின்னு மாத்திட்டு இன்னொரு தடவை அனுப்புங்க."

"அக்கா, அது முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்."

"ஒரு குறிப்பாவது போட்டு அனுப்புங்க! பெனால்டியில ஜெயிச்சதுன்னு!"

"குறிப்பு இப்பவே அனுப்பறேங்க்கா. அதுல ஒண்ணுமில்ல." அவன் தயங்கினான். "அனுப்பறதுக்கு முன்னாடி யோசிங்கன்னு சொன்னேனே அக்கா."

இவனைத் திட்டவும் வாயில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. குறிப்பு போனது. கால் மணி நேரம் கழித்துக் கஜபதி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, அமல்ராஜ் இடத்துக்கு அந்தப் பொடிப்பையன் காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்படியே திரும்பி ஆபீஸுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. வண்டியை வேலப்பன்சாவடிக்கு விட்டாள். யாராவது தன்னைக் கன்னாபின்னாவென்று திட்டினால் தேவலை என்றிருந்தது.

கதவைத் திறந்தவள் அகல்யா. வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. நகர்ந்து வழிவிடவும் இல்லை. உள்ளே பார்த்து, "வந்துகீறாங்க" என்றாள், பெயரைச் சொல்லாமல்.

அமல்ராஜ் லுங்கியும் பனியனுமாக வந்து வாசற்படியில் நின்றான்.

"தலையிடாதன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன."

"அண்ணன் முடிச்சி வெச்சிட்டாருக்கா. வியாயக்கெயம ராத்திரி போன் பண்ணி, பிரியாணி வாங்கிக் குடுடான்னு கேட்டாரு. உன்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். கையெயுத்து ஆனப்பறம் சொல்லிக்கலாம்னு அகல்யா சொன்னா." அவன் குரல் ஏறியது. "உன்ன யாரு கேட்டா? நா கேட்டனா? எம்பேருக்கு நேரா முட்டைதான கீது, இருந்துட்டுப் போட்டுமே! முட்டைய வெச்சி இன்னும் ஒரு வருசம் ஆடியிருப்பேன். இனிமே எவன்கிட்ட போனாலும் உன் பேப்பர்தான் எனக்கு முன்னாடி போய் நிக்கும். எட்டு ஆடி ரெண்டு ஜெயிச்சவன்."

"நான் கோவத்துலடா... அந்தக் கட்டத்த பாக்கல. உனக்குப் போய் முட்டைன்னு சொன்னதும்..."

"உன் கோவத்துக்கு நா கெடச்சேனா?"

மாடிப்படியில் இறங்கி வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், இரண்டு பேரையும் பார்த்துவிட்டுச் செருப்பைத் தேய்க்காமல் நடந்து போனார்.

"ஒண்ணு கேக்கறேன், நெஜத்த சொல்லு" என்றான் அமல்ராஜ். குரல் இறங்கியிருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "பைனலு. பெனால்டில மூணாவது அடி. வலது பக்கம் பாய்ஞ்சி புடிச்சேனே, விரல்கூட பெசகிச்சு. அத நீ பாத்தியா?"

"பாத்தேன்டா. நான்தான குறிச்சேன்."

"பாத்துட்டு இன்னா பண்ண?"

"கத்துனேன். ஹெட்போனக் கயட்டிப் போட்டுட்டு எழுந்து நின்னு கத்துனேன். ஆபீஸே திரும்பிப் பாத்துச்சு. அயுதேன். ஜீவாதான் தண்ணி குடுத்தா. எங்க அமலுடின்னு அவகிட்ட நூறு தபா சொன்னேன்."

"தண்ணி குடிச்சிட்டு?"

சபீனா அவனைப் பார்த்தாள்.

"குடிச்சிட்டு குந்துனல்ல? குந்தி இன்னா போட்ட?"

"அமலு, ரூல்ஸ்டா அது. எல்லாருக்கும் அப்படித்தான்..."

"இன்னா போட்டன்னுதான் கேக்கறேன்."

"டிரா."

அமல்ராஜ் தலையை ஆட்டிக்கொண்டான். திரும்பி உள்ளே போனான். கதவைச் சாத்தியது அகல்யா.